கொழும்பில் கப்பல் பத்து மணி நேரம் நிற்கிறது: காலியா, நீர்கொழும்பா?

#1 தெகிவளைத் தென்றல்

வணக்கம். சென்னையிலிருந்து சொந்தக்காரர் ஆறு பேர் உல்லாசக் கப்பலில் வருகிறார்கள். மாலேயிலிருந்து கொழும்பு, அடுத்தது கொச்சி. வருகிற நாள் செவ்வாய்க்கிழமை. காலை 8.00க்குத் துறைமுகம், மாலை 6.00க்குப் புறப்பாடு, 5.30க்குள் எல்லாரும் ஏறியிருக்க வேண்டும் என்று பயணத்தாளில் போட்டிருக்கிறது. இரண்டு பேர் 70ஐத் தாண்டியவர்கள். மாமிக்கு முழங்கால் வலி, படி ஏறமாட்டார். மூன்று பேர் சைவம், முட்டையும் இல்லை.

காலிக் கோட்டையைப் பார்க்க வேண்டும் என்பது அவர்களுடைய ஆசை. கப்பல்காரரே கூட்டிப்போகிற சுற்றுலாவும் உண்டு, ஆனால் ஆறு பேருக்கும் சேர்த்தால் இங்கே வேன் பிடிக்கிற காசைவிடப் பல மடங்கு வருகிறது. காலிக்குப் போய், பார்த்து, சாப்பிட்டு, நேரத்துக்குத் திரும்ப முடியுமா? இல்லையென்றால் நீர்கொழும்பு போதுமா? விபரமாகச் சொல்லுங்கள்.

#2 யோர்க் வீதி

பத்து மணி நேரம் என்ற கணக்கை முதலில் விடுங்கள். 8.00 என்பது கப்பல் கயிறு கட்டுகிற நேரம். அதன் பிறகு சுகாதார, குடிவரவு அனுமதி கிடைத்தால்தான் இறங்குபடி திறக்கும். அரை மணி, சில நாளில் முக்கால் மணி. திறந்ததும் கப்பலின் சொந்தச் சுற்றுலாக் கூட்டத்தை முதலில் இறக்குவார்கள், தனியே போகிறவர்கள் அதற்குப் பின்னால்தான்.

துறைமுகத்துக்குள் நடக்க விடமாட்டார்கள். கொள்கலன் லொறியும் பாரந்தூக்கியும் ஓடுகிற இடம் அது, கப்பலடியிலிருந்து வாயில்வரை பஸ்ஸில்தான் வரவேண்டும். பண்டாரநாயக்க இறங்குதுறையில் கட்டினால் வாயில் கிட்ட. கொள்கலன் முனையப் பக்கம் கட்டினால் பஸ் ஓட்டமே இன்னும் 10, 15 நிமிடம் இழுக்கும். இவ்வளவையும் கூட்டினால் அவர்கள் வேனில் ஏறுவது 9.15. பின்னேரம் இதே வழியில் திரும்ப வேண்டும், வாயிலில் பை சோதனையும் உண்டு. 5.30க்குக் கப்பலில் நிற்க வேண்டுமென்றால் 4.30க்கு வாயிலுக்கு வந்துவிட வேண்டும். உங்கள் கையில் இருப்பது ஏழேகால் மணி நேரம்.

வெளி வேன் துறைமுகத்துக்குள் வராது. யோர்க் வீதி வாயிலுக்கு எதிரே பழைய கிராண்ட் ஓரியன்டல் ஹோட்டல் இருக்கிறது, அதைச் சந்திக்கிற இடமாக வையுங்கள். அங்கே வாகனத்தை நிறுத்தி வைக்க முடியாது, சாரதி சுற்றிச் சுற்றி வருவார். கப்பல் வைஃபை கரைக்கு வந்தால் வேலை செய்யாது, அதனால் வேன் இலக்கத்தை முதல் நாளே காகிதத்தில் எழுதி வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.

இன்னொன்று. வாயிலில் ஓட்டோக்காரர்கள் சூழ்ந்துகொள்வார்கள். இந்தியாவிலிருந்து வருகிறவர்கள் "காலி" என்று மட்டும் சொன்னால் காலி முகத்திடலில் இறக்கிவிடப்படும் வாய்ப்பு உண்டு. அது ஒன்றரைக் கிலோமீட்டர் தூரத்தில் கொழும்பிலேயே இருக்கிறது. "கோட்டை" என்றாலும் இதே குழப்பம், கொழும்புக் கோட்டையும் கோட்டைதான். காலி நகரம் என்று முழுதாகச் சொல்ல வேண்டும்.

#3 நெடுஞ்சாலை சாரதி

அண்ணன் சொன்ன 9.15ஐ எடுத்துக்கொண்டு பாதையைச் சொல்றேன்.

வழி மூன்று. காலி வீதியால களுத்துறை, பேருவளை, அம்பலாங்கொடை, ஹிக்கடுவை என்று கரையோரமாப் போனா 120 கிலோமீட்டருக்குக் கிட்ட வரும், ஆனா மூன்று மணி நேரத்துக்கு மேல எடுக்கும். ஒவ்வொரு சந்தியிலும் பஸ், பாடசாலை, மஞ்சள் கடவை. கப்பல் நாளுக்கு இது சரிவராது.

இரண்டாவது, ஹை லெவல் வீதியால கொட்டாவ போய் அதிவேகப் பாதையில ஏறுறது. கொட்டாவ 20 கிலோமீட்டர்தான், ஆனா நுகேகொடை, மஹரகம தாண்டுறதுக்கே ஒரு மணி நேரம் போயிடும்.

நான் சொல்றது மூன்றாவது வழி. துறைமுகத்திலிருந்து நேரா பேலியகொடை, அங்க கட்டுநாயக்க அதிவேகப் பாதையில ஏறி கெரவலப்பிட்டிய, அங்கிருந்து வெளிச்சுற்றுப் பாதையால கடவத்தை, கொட்டாவ, பிறகு தெற்குப் பாதை. வடக்கே போய்த் தெற்கே திரும்புற மாதிரி இருக்கும், தூரமும் 20 கிலோமீட்டர் கூட. ஆனா நகரத்துக்குள்ள ஓடுறது ஐந்து கிலோமீட்டர் மட்டும்தான். பேலியகொடை வரைக்கும் 25 நிமிடம், கெரவலப்பிட்டியவுக்கு 6, வெளிச்சுற்றுப் பாதை 29 கிலோமீட்டர், அது 20 நிமிடம். கொட்டாவயிலிருந்து பின்னதுவ 95 கிலோமீட்டர், வேக எல்லை 100, ஆக ஒரு மணி நேரம். பின்னதுவயில இறங்கினா கோட்டைக்கு இன்னும் 8 கிலோமீட்டர், நகர நெரிசலோட 20 நிமிடம். மொத்தம் இரண்டேகால் மணி நேரம். 9.15க்கு ஏறினா 11.30க்குக் காலிக் கோட்டை வாசல்.

திரும்பும்போது காலியிலிருந்து வேன் 2.00க்குக் கிளம்பணும். 4.15, 4.30க்குத் துறைமுகம். கோட்டைக்குள்ள கிடைக்கிறது இரண்டரை மணி நேரம், அவ்வளவுதான்.

மழை பெய்தா இந்தக் கணக்கு மாறும். அடை மழைக்கு அதிவேகப் பாதையில வேகத்தை 60க்குக் குறைக்கச் சொல்லுவாங்க, பலகையிலயும் வரும். ஒரு மணி நேர ஓட்டம் ஒன்றரை மணி நேரமாயிடும். வெலிப்பன்ன பக்கம் வெள்ளம் ஏறி அந்த வெளியேறும் வழியை மூடின நாட்களும் உண்டு. ஒக்டோபர், நவம்பர்ல மத்தியானத்துக்குப் பிறகுதான் இடி மழை இறங்கும், அதாவது சரியா நீங்க திரும்புற நேரத்துக்கு. அந்த மாதங்கள்ல 1.30க்கே கிளம்புங்க.

#4 கரையோரக் கோச்சி

ரயிலை ஏன் ஒருத்தரும் சொல்லவில்லை? கொழும்புக் கோட்டை ரயில் நிலையம் துறைமுக வாயிலிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குச் சற்றுக் கூட. கொள்ளுப்பிட்டியிலிருந்து கல்கிசை தாண்டும்வரை தண்டவாளத்துக்கும் கடலுக்கும் இடையில் கருங்கல் அணை மட்டும்தான். போகும்போது வலப்பக்கம் உட்கார வேண்டும், திரும்பும்போது இடப்பக்கம். கடுகதி இரண்டரை மணி நேரத்துக்குள் காலி போய்விடும். காலி நிலையத்திலிருந்து கோட்டைக்குப் பத்து நிமிட நடை. டிக்கெட் விலை வேன் காசுக்குப் பக்கத்தில் ஒன்றுமே இல்லை.

பெரலிய வழியாகத்தான் ரயில் போகும். 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை மாத்தறை நோக்கிப் போன கடுகதியை அடித்துச் சென்ற இடம். ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் அங்கே இறந்தார்கள். நினைவுத்தூண் தெரியும். கடந்து போகும்போது அவர்களுக்குச் சொல்லுங்கள்.

#5 யோர்க் வீதி

கோச்சி தம்பி, உங்கள் பாதை அழகு என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் இது கப்பல் நாள். 9.15க்கு வாயிலுக்கு வருகிறவர்களுக்காக ரயில் காத்திருக்காது, அடுத்த கடுகதி எப்போதோ அப்போதுதான். களுத்துறைக்கு அப்பால் பெரும்பாலும் ஒற்றைத் தண்டவாளம், எதிரே வருகிற வண்டி தாமதமானால் உங்கள் வண்டியும் ஒரு நிலையத்தில் நிற்கும். திடீர் வேலைநிறுத்தம் அறிவித்தால் அன்றைக்கு எதுவுமே இல்லை. கப்பலின் சொந்தச் சுற்றுலா பிந்தினால் கப்பல் காத்து நிற்கும், தனியாகப் போனவர்களுக்கு நிற்காது. 70 வயதுக்காரர் இருவரை ஆசன முன்பதிவில்லாத பெட்டியில் ஏற்றி இந்த ஆபத்தை எடுக்கக் கூடாது.

#6 கரையோரக் கோச்சி

திரும்பும் பயணத்துக்கு நீங்கள் சொல்வது சரி, ஒத்துக்கொள்கிறேன். அப்படியென்றால் கொழும்புக் கோட்டையிலிருந்து கல்கிசைவரை மட்டும் ரயிலில் போகலாம். 12 கிலோமீட்டர், அரை மணி நேரம். அந்தப் பாதையின் கடல் காட்சியில் நல்ல பகுதி முழுக்க அதற்குள் வந்துவிடும். காலை 9க்குப் பிறகு தெற்கே போகிற வண்டிகளில் கூட்டம் குறைவு, அலுவலகக் கூட்டம் எதிர்த் திசையில் வரும். காலி, நீர்கொழும்பு இரண்டுமே கைவிட்டுப்போனால் இதை நினைவில் வையுங்கள். ரயில் நின்றுபோனாலும் கல்கிசையிலிருந்து ஓட்டோ பிடித்துத் துறைமுகத்துக்கு வந்துவிடலாம்.

#7 கோட்டை மதில்

வேனில் போவதென்று முடிவானால் கோட்டைக்குள் அந்த இரண்டரை மணி நேரத்தை எப்படிச் செலவழிப்பது என்பதைச் சொல்கிறேன். பலர் இங்கேதான் நேரத்தை விடுகிறார்கள். புதிய வாசலில் இறங்கி, வெயிலில் மதிலைச் சுற்றத் தொடங்கி, பாதியில் களைத்து ஒரு கடைக்குள் உட்கார்ந்துவிடுவார்கள். கோட்டையின் நல்ல பாதி தெற்கே கிடக்கும்.

வேன் கோட்டைக்குள் போகலாம், நுழைவுக் கட்டணம் இல்லை. 1873இல் ஆங்கிலேயர் சூரிய, சந்திரக் கொத்தளங்களுக்கு நடுவே மதிலை வெட்டித் திறந்த புதிய வாசலால் போய், நேரே தென்கிழக்கு மூலைக்கு, வெளிச்சவீட்டடிக்கு ஓட்டச் சொல்லுங்கள். அங்கே எல்லாரும் இறங்கட்டும். இப்போதுள்ள வெளிச்சவீடு 1939இல் கட்டியது, முந்தியது தீயில் போனது. எதிரே வெள்ளையாக நிற்பது மீரான் ஜும்மா பள்ளிவாசல். தூரத்திலிருந்து பார்த்தால் போர்த்துக்கீசத் தேவாலயம் என்றே நினைப்பீர்கள். மதிலும் கடலும் பள்ளிவாசலும் ஒரே பார்வையில் வருகிற இடம் இது. மாமி இங்கே நடக்க வேண்டியது மிகக் குறைவு.

நடக்கக்கூடியவர்கள் இங்கிருந்து கொடிப்பாறைக்கும், பிறகு மேற்கு மதிலால் டிரைட்டன், நெப்டியூன் கொத்தளங்கள் வழியாக வடக்கேயும் போகலாம். நிதானமாக 40 நிமிடம். மதிலுக்குக் கைப்பிடிச் சுவர் பல இடங்களில் இல்லை, புல் நனைந்தால் வழுக்கும். பின்னோக்கி நடந்து படம் எடுக்கக் கூடாது. மரநிழலே கிடையாது, ஆளுக்கு ஒரு லீட்டர் தண்ணீர், தொப்பி அல்லது குடை. மதிய வெயிலில் வயதானவர்களை 20 நிமிடத்துக்கு மேல் மதிலில் நிறுத்தாதீர்கள்.

அதே நேரத்தில் வேன் மற்றவர்களை உள்வீதியால் டச்சுத் தேவாலயத்தடிக்குக் கொண்டுபோகட்டும். 1755ஆம் ஆண்டுக் கட்டடம். தரை முழுக்கக் கல்லறைக் கற்கள், கப்பல் தளபதிகள், வணிகர்கள், பச்சைக் குழந்தைகள் பெயர்களோடு. உள்ளே குளிர்ச்சி, உட்கார வாங்கு உண்டு. மாமிக்குப் பொருத்தமான இடம்.

பழைய வாசலைத் தவறவிட வேண்டாம், துறைமுகப் பக்கமாக இருக்கிறது. வெளிப்பக்கம் ஆங்கிலேயச் சின்னம். உள்பக்கம் திரும்பிப் பார்த்தால் ஒல்லாந்தர் கம்பனியின் சின்னம், மேலே சேவல், கீழே 1669 என்று ரோம எண்ணில். எல்லாரும் வெளியே நின்று படமெடுத்துவிட்டு உள்பக்கத்தைப் பார்க்காமலே போய்விடுகிறார்கள்.

கடைசியாக, கிளம்புமுன் பத்து நிமிடம், வடக்கு மதிலில் கடிகாரக் கோபுரத்துக்குப் பக்கத்தில். கீழே கிரிக்கெட் மைதானம். 2010 ஜூலை 22இல் முத்தையா முரளிதரன் தன் டெஸ்ட் வாழ்வின் கடைசிப் பந்தில் 800ஆவது விக்கெட்டை எடுத்தது இந்தத் தரையில்தான். சென்னைக்காரருக்கு இதைச் சொல்லாமல் விடாதீர்கள். 2004 பேரலையில் இந்த மைதானமும் பஸ் நிலையமும் சிதைந்தன, ஒல்லாந்தர் மதில் உள்ளே இருந்தவர்களைக் காப்பாற்றியது. மேலே நின்று பார்த்தால் மதிலின் தடிப்பு ஏன் அவ்வளவு என்று விளங்கும். டெஸ்ட் நடக்கிற நாளா என்று முதலே பார்த்துக்கொள்ளுங்கள், நடந்தால் கோட்டையைச் சுற்றி வாகனம் நகராது.

#8 சைவக்கடை

சாப்பாட்டைப் பற்றி நான் சொல்லுறன். மூன்று பேர் சைவம் எண்டால் இதுதான் அன்றைக்குப் பெரிய தலையிடி.

தெற்கில மரக்கறி எண்டு சொல்லித் தருகிறதிலயும் மாசி இருக்கும். மாசி எண்டால் காய வைச்ச சூரைமீன், இடிச்சுத் தூளாப் போடுவினம். தேங்காய்ச் சம்பலில இருக்கும், சீனிச் சம்பலில கிட்டத்தட்ட எப்பவும் இருக்கும், சில இடத்தில கீரைச் சுண்டலிலயும் இருக்கும். சென்னையில இருந்து வாற ஆக்களுக்கு இது தெரியாது. மீன் இல்லையோ எண்டு கேட்டால் இல்லை எண்டுதான் கடைக்காரர் சொல்லுவார், அவர் மாசியை மீனாக் கணக்கெடுக்கிறதில்லை. ஏமாத்து இல்லை, வழக்கம் அப்பிடி. "உம்பலகட தான்ன எபா" எண்டு சாரதியைச் சொல்லச் சொல்லுங்கோ. மாசி போட வேண்டாம் எண்டு அர்த்தம். "எலவலு விதரய்" எண்டால் மரக்கறி மட்டும்.

முக்கோண ரொட்டி வாங்காதேங்கோ. மீன் ரொட்டியும் மரக்கறி ரொட்டியும் ஒரே தட்டில, ஒரே உருவத்தில இருக்கும். வட்டலப்பத்தில முட்டை இருக்கு. எருமைத் தயிரும் கித்துள் பாணியும் மூன்று பேரும் தாராளமாச் சாப்பிடலாம், தெற்குத் தயிர் சட்டியில உறைஞ்சது, அதுக்கு நிகர் இல்லை.

ஆனால் என்ர யோசனை வேற. காலையில சாரதி வரேக்க செட்டியார் தெருவிலயோ கொட்டாஞ்சேனையிலயோ ஒரு சைவக் கடையில பார்சல் எடுத்துக்கொண்டு வரட்டும். புளிச்சாதமும் இட்லியும் பொடியும் எடுங்கோ. தேங்காய்ச் சட்னி வேண்டாம், வேன் வெக்கையில மத்தியானத்துக்குள்ள புளிச்சுப் போகும். தயிர்ச்சாதமும் அப்பிடித்தான். மற்ற மூன்று பேரும் கோட்டைக்குள்ள சோறும் கறியும் சாப்பிடட்டும், ஆனால் எடுத்துப் போடுற இடமாப் பாருங்கோ. சொல்லிச் சமைக்கிற சிற்றுண்டிச்சாலையில 12.30க்குப் பிறகு போய் இருந்தால் தட்டு வரவே முக்கால் மணி நேரம். உங்களுக்கு இருக்கிறது இரண்டரை மணி நேரம்.

#9 நீர்கொழும்பு மணல்

நீர்கொழும்பை யாரும் சரியாகச் சொல்லவில்லை. காலி பெரிய பெயர் என்பதால் இதை இரண்டாம் தரமாக வைக்கிறார்கள்.

பேலியகொடையில் ஏறி கட்டுநாயக்கவில் இறங்கினால், துறைமுகத்திலிருந்து மொத்தம் 40 கிலோமீட்டருக்குள், ஒரு மணி நேரம். 10.15க்கு அங்கே நிற்பீர்கள், 3.15க்குக் கிளம்பினால் போதும். ஐந்து மணி நேரம் கையில். காலியில் இதில் பாதிதான்.

முதலில் லெல்லம, மீன் சந்தை. மொத்த வியாபாரம் விடியற்காலையோடு முடிந்துவிடும், நீங்கள் போகும்போது ஏலம் இருக்காது. கருவாட்டு வேலையைப் பார்க்கலாம். மீனைக் கீறிக் குடலெடுத்து, தொட்டியில் உப்புப் போட்டு ஊறவைத்து, கடல்தண்ணீரில் அலசி, மணலில் விரித்த பாய்களில் பரப்புகிறார்கள். வெயிலைப் பொறுத்து இரண்டு மூன்று நாள். காகங்களை விரட்டிக்கொண்டே பெண்கள் வரிசை வரிசையாகத் திருப்பிப்போடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், கத்தோலிக்க ஊர், கடலுக்குப் போகமாட்டார்கள். உங்களுக்குச் செவ்வாய், பிரச்சினையில்லை. மீன் வெட்டுகிற இடத்தில் தரை வழுக்கும், மாமி மணல் பக்கமாகவே நிற்கட்டும். சைவக்காரர்களுக்கு வாடை தாங்காது என்றால் இந்த இடத்தை விட்டுவிடுங்கள், நேர்மையாகச் சொல்கிறேன்.

ஒன்றைக் கவனியுங்கள். கரையோர மீனவர்களில் பலருக்குச் சிங்களமும் தமிழும் இரண்டும் வாய்மொழி, அவர்கள் தமிழுக்கென்று தனி ஓசையும் சொல்லும் உண்டு. சென்னைக்காரர் அவர்களோடு நேரே கதைக்கலாம். ஊருக்குள் கடற்கரைத் தெருவில் இந்துக் கோயில்கள், அதற்குப் பக்கத்திலேயே புனித மரியாள் தேவாலயம், கூரையில் வரைந்த ஓவியங்களை அண்ணாந்து பார்க்க வேண்டும். ஒல்லாந்தர் கோட்டையில் 1678 என்று பொறித்த வாசல் மட்டும் மிச்சம், பின்னால் சிறைச்சாலை, உள்ளே போக முடியாது. பிறகு களப்பில் படகு. ஏறுமுன் உயிர்காப்பு அங்கி ஆறும் இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள், எத்தனை நிமிட ஓட்டம் என்பதையும் பேசிவிடுங்கள். படகில் ஏற ஒரு பெரிய எட்டு வைக்க வேண்டும், முழங்கால் வலிக்காரருக்கு இரண்டு பேர் கை கொடுக்க வேண்டும்.

#10 கல்லெழுத்து

காலிக்குப் போகிற தமிழர்கள் கேட்கிற ஒரு கேள்விக்கு முன்கூட்டியே பதில். மும்மொழிக் கல்வெட்டு காலியில் இல்லை, கொழும்புத் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

சீனத் தளபதி செங் ஹோ நிறுவிய கல். 1409 என்று தேதி பொறித்தது. சீனம், தமிழ், பாரசீகம் மூன்றும் ஒரே கல்லில். சீனப் பகுதி புத்தருக்குக் கொடுத்த காணிக்கையைச் சொல்கிறது, பாரசீகப் பகுதி இஸ்லாமிய மரபில் பேசுகிறது, தமிழ்ப் பகுதி தேனாவரைக் கோயில் தெய்வமான தேனாவரை நாயனாருக்கு. பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய் என்று காணிக்கைப் பட்டியல் வருகிறது. தேனாவரை என்பது இன்றைய தெவிநுவர, இலங்கையின் தென்முனை. அங்கிருந்த கோயிலை 1588இல் போர்த்துக்கீசர் அழித்தார்கள். இந்தக் கல் 1911இல் காலி நகரில், ஒரு மதகுக்கு மூடுகல்லாகக் கிடந்த நிலையில் கண்டெடுக்கப்பட்டது. அறுநூறு ஆண்டுகளுக்கு முன் இந்தத் தீவுக்கென்று கல்லில் எழுதியவன் தமிழையும் ஒரு மொழியாகத் தேர்ந்தான் என்பதை அந்தக் கல்லுக்கு முன்னால் நின்றுதான் உணர வேண்டும். எழுத்து தேய்ந்திருக்கிறது, பக்கவாட்டில் நின்று பார்த்தால் கொஞ்சம் துலங்கும்.

அருங்காட்சியகம் துறைமுகத்திலிருந்து ஐந்து கிலோமீட்டருக்குள். காலி நாளில் சேராது. நீர்கொழும்பைச் சுருக்கினாலோ, கோச்சி அண்ணன் சொன்ன கல்கிசைத் திட்டத்திலோ சேரும்.

#11 தெகிவளைத் தென்றல்

எல்லாருக்கும் நன்றி. மாசி விசயம் எனக்கே தோன்றவில்லை. மாமாவோடு பேசினேன், காலிதான் வேண்டும் என்கிறார். வேன் பேசும்போது என்னென்ன கேட்க வேண்டும்? வழியில் கழிப்பறை? கப்பல் காலையில் பிந்தினால் எந்த நேரத்தில் காலியைக் கைவிடுவது?

#12 நெடுஞ்சாலை சாரதி

ஆறு பேருக்குக் கேடிஎச் வேன், அதாவது டொயோட்டா ஹையேஸ், உயரக் கூரை உள்ளது. மாமிக்கு முன் ஆசனம் வேண்டாம், ஏறுறது உயரம். பக்கக் கதவுக்குக் கிட்ட நடு ஆசனம் கொடுத்து, ஏறுறதுக்குச் சின்ன மனைப்பலகை ஒன்று வேனில போட்டுக்கொண்டு வரச் சொல்லுங்க.

பேசும்போது மொத்தத் தொகையில எது எது அடக்கம் என்று வட்ஸ்அப்பில எழுதி வாங்குங்க. அதிவேகப் பாதைக் கட்டணம் மூன்று பாதைக்கும் போக வர, காலியில தரிப்பிடம், சாரதி சாப்பாடு, எத்தனை கிலோமீட்டர் வரைக்கும், மேலதிகக் கிலோமீட்டருக்கு எவ்வளவு. போக வர 290 கிலோமீட்டர், கோட்டைக்குள்ள ஓட்டத்தோட 300 என்று பேசுங்க. 240க்குப் பேசிட்டு, நான் சொன்ன சுற்றுப் பாதையால போனா மிச்சத்துக்குத் தகராறு வரும். வாடகை ஓட்டத்துக்கான காப்புறுதி இருக்கா என்று கேளுங்க. தனியார் பாவனைக் காப்புறுதியோட வாடகைக்கு ஓடுற வாகனங்கள் இருக்கு, விபத்து நடந்தா இழப்பீடு கிடைக்காது. டயரைப் பாருங்க. 100ல ஓடுற பாதையில தேஞ்ச டயர் வெடிச்சா வேன் பிரண்டுரும், மழையில தேஞ்ச டயர் தண்ணி மேல மிதக்கும்.

இரத்தினக்கல் கடை, மூலிகைத் தோட்டம், ஆமைக் குஞ்சுப் பண்ணை எதுவும் வேண்டாம் என்று முதலே சொல்லிடுங்க. அங்க நிறுத்தினா சாரதிக்குத் தரகு உண்டு, உங்களுக்கு அரை மணி நேரம் போகும்.

கழிப்பறைக்கு வெலிப்பன்ன தரிப்பிடம், சுத்தமா இருக்கும். போகும்போது 10 நிமிடம் மட்டும், அங்க தேநீருக்கு உட்கார வேண்டாம். திரும்பும்போது யாருக்காவது அவசரம் என்றால் மட்டும். கிளம்புமுன் கோட்டைக்குள்ளயே எல்லாரும் போய்விட்டு ஏறட்டும்.

#13 யோர்க் வீதி

கைவிடுகிற நேரத்தை முதல் நாளே முடிவு செய்து மாமாவிடம் சொல்லி வையுங்கள், அன்றைக்கு வாயிலில் நின்று விவாதிக்கக் கூடாது. 10.00 மணிக்குள் ஆறு பேரும் வேனுக்குள் இல்லையென்றால் காலி இல்லை, வேனை நீர்கொழும்புக்குத் திருப்புங்கள். அதனால்தான் பேலியகொடைப் பாதை நல்லது, இரண்டு ஊருக்கும் முதல் ஐந்து கிலோமீட்டர் ஒன்றே. 11.30ஐத் தாண்டினால் நகரத்துக்குள்ளேயே. கொச்சிக்கடை பொன்னம்பலவாணேசுவரர் கோயிலின் கருங்கல் வேலை, செட்டியார் தெருக் கதிரேசன் கோயில்கள், பிறகு அருங்காட்சியகம். கோயில் நடை மதியத்தில் சாத்துவார்கள், அதனால் கோயில் முதலில்.

கடவுச்சீட்டைக் கப்பலில் வாங்கி வைத்திருந்தால் நிழற்பிரதி, கப்பல் அட்டை இரண்டும் ஆளுக்கு ஆள் தனித்தனியாக. ஒரே பையில் ஆறு பேருடையதையும் வைத்தால், மதிலில் பிரிந்து நடக்கும்போது பாதிப் பேர் கையில் ஒன்றும் இருக்காது. நுழைவு அனுமதி பற்றிக் கப்பல் நிறுவனத்திடம் எழுத்தில் கேட்கட்டும். கப்பலில் தினமும் தருகிற தாளில் உள்ளூர் முகவரின் தொலைபேசி இலக்கம் இருக்கும், அதைப் படம் பிடித்துக்கொள்ளட்டும். பிந்துவது உறுதியானால் முதல் அழைப்பு அவருக்குத்தான்.

#14 சைவக்கடை

வாங்குற சாமானுக்கு ஒரு சொல். கறுவா வாங்கினால் மெல்லிசுச் சுருள் பல அடுக்கா, சுருட்டுப் போல இருக்க வேணும், கையால நொறுங்க வேணும். தடிச்ச ஒற்றைப் பட்டை எண்டால் அது வேற சாமான். தேயிலையும் கறுவாவும் ஒட்டின பொதியில வாங்குங்கோ. பழம், கருவாடு, விதை எதையும் கப்பலுக்குள்ள கொண்டுபோக விடமாட்டினம்.

#15 தெகிவளைத் தென்றல்

சரி, இப்படி முடிவு செய்திருக்கிறேன். வேன் 8.45இலிருந்து கிராண்ட் ஓரியன்டலடியில். சைவப் பார்சல் மூன்று சாரதியிடம். 10.00க்குள் ஏறினால் பேலியகொடை வழியாகக் காலி, வெலிப்பன்னவில் 10 நிமிடம். முதலில் வெளிச்சவீடு, மாமி தேவாலயத்துக்கு, மற்றவர்கள் மேற்கு மதிலால். 12.15க்குச் சாப்பாடு, பழைய வாசல், கடிகாரக் கோபுரம், 2.00க்கு வேன். நேரத்தை மாமா பார்த்துக்கொள்வார். கைத்தொலைபேசி பாவிக்கமாட்டார், கைக்கடிகாரம்தான்.

#16 யோர்க் வீதி

அந்தக் கைக்கடிகாரத்தைக் கட்டாயம் சரிபாருங்கள். மாலே நேரம் நமக்கு அரை மணி பின்னால். மாமா மாலேயில் இறங்கியபோது கடிகாரத்தைத் திருத்தியிருந்தால், கொழும்பில் மறுபடி முன்னால் தள்ள வேண்டும். தள்ளாவிட்டால் அவர் 2.00 என்று பார்க்கும்போது இங்கே 2.30 ஆகியிருக்கும். கப்பல் தன் மணியை மாற்றியதா இல்லையா என்பது அறையில் போடுகிற தாளில் வரும். 5.30 எந்த மணிக்கணக்கு என்று அதில் பார்த்து, வாயிலுக்கு வந்ததும் சாரதியின் மணியோடு ஒருமுறை ஒப்பிட்டுக்கொள்ளட்டும். பிறகு வேன் ஏறலாம்.